கச்சான் காலத்தில் கிராபிக்ஸ் காட் 83 பாகை: காட்டை மாற்றுவதா, வேறு வழி உண்டா?

உப்புவெளி_எடிட்டர்
வணக்கம் எல்லோருக்கும். திருகோணமலை உப்புவெளியில் இருந்து எழுதுகிறேன். கல்யாண வீடு, சாமத்திய வீடு வீடியோக்களை எடிட் செய்து கொடுப்பதுதான் என் தொழில். பாவிப்பது ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் காட், 12 ஜிபி, இரண்டு பேன் உள்ளது. 2022 கடைசியில் பாவித்த காட்டாக வாங்கினேன். மாசியில் ஒரு பிரச்சினையும் இல்லை. வைகாசி பிறந்து, கச்சான் என்கிற மேற்கு வெக்கைக் காற்று வீசத் தொடங்கியதில் இருந்து பகல் 2 மணிக்குப் பிறகு வேலை செய்யவே முடியவில்லை. டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் 4கே காட்சிக்கு நாய்ஸ் ரிடக்ஷன் போட்டு ரெண்டர் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் 83 பாகைக்குப் போய் அங்கேயே நிற்கிறது, பேன் இரண்டும் முழு வேகத்தில் கத்துகின்றன, சிப்பின் வேகமான கிளாக் 1,850 மெகாஹேர்ட்ஸில் இருந்து 1,500க்கு இறங்குகிறது. காலையில் 12 நிமிடத்தில் முடிகிற அதே துண்டு பின்னேரம் 16 நிமிடம் எடுக்கிறது. கடையில் காட்டியபோது காட் பழசாகிவிட்டது, புதிதாக ஒன்று போடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த கிழமை மூன்று கல்யாணம் கொடுக்க வேண்டும். இந்த நேரத்தில் புதுக் காட்டுக்குக் காசு இல்லை. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

மூதூர்_கேமர்
83 பாகைக்குப் பயப்பட வேண்டாம். என்விடியா 3060க்குக் கொடுத்திருக்கும் உச்ச வரம்பு 93 பாகை. 83 என்பது டிரைவர் மென்பொருள் தானாகவே வைத்திருக்கும் இலக்கு, அதைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளத்தான் கிளாக்கை இறக்குகிறது. காட் எரியாது.

உப்புவெளி_எடிட்டர்
எரியாது என்பது சரி தம்பி, ஆனால் ஒரு நாளைக்கு ஆறு மணி நேர ரெண்டர் எட்டு மணி நேரமாகிறதே. எனக்கு அதுதான் பிரச்சினை.

சீனக்குடா_திருத்துனர்
காட்டை மாற்றுவதற்கு முன் நான்கு விசயம் பார்த்துச் சொல்லுங்கள் தம்பி. ரெண்டர் ஓடும்போது அறைக்குள் எத்தனை பாகை? கொம்பியூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு அதே ரெண்டரை ஓட்டினால் எத்தனை பாகை குறைகிறது? ஜிபியு-இசட் மென்பொருளில் ஹொட்ஸ்பொட் என்று ஒரு வரி இருக்கும், சிப்பில் ஆகச் சூடான இடத்தின் வெப்பம், அதில் என்ன காட்டுகிறது? அதே இடத்தில், வேகம் எதனால் கட்டுப்படுகிறது என்று காட்டும் பேர்ஃப்கேப் ரீசன் என்ற பட்டையில் தேர்மல் என்று வருகிறதா, பவர் என்று வருகிறதா என்றும் பாருங்கள். இவை இல்லாமல் காட் பழசு என்று சொல்வது காய்ச்சல்காரனைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதுவது மாதிரி.

உவர்மலை_ஆசிரியை
அறையின் வெப்பநிலையைத் திருத்துனர் அண்ணா முதலாவதாகக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நான் பௌதிகவியல் படிப்பிக்கிறேன், இந்தக் கேள்வி மாணவர்களும் கேட்பதுதான்.

காற்றால் குளிர்கிற எந்தப் பொருளும் அறைக்காற்றை விடக் குளிராது. ஒரே வேலை, ஒரே பேன் வேகம் என்றால், காட்டுக்கும் அறைக்காற்றுக்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய மாறாமல் இருக்கும். அந்த இடைவெளி 46 பாகை என்று வைத்துக்கொள்வோம். தை மாதத்தில் திருகோணமலையில் பகல் வெப்பம் 28 பாகை அளவில் இருக்கும், அப்போது காட் 74. ஆனியில் வெளியிலேயே 35 பாகை, அப்போது காட் 81. காட்டில் ஒரு பழுதும் வராமல், நாட்காட்டி மாறியதாலேயே 7 பாகை ஏறிவிட்டது. குளிர்நாட்டுக்காரர் 20 பாகை அறையில் வைத்துச் சோதித்துப் போடும் வீடியோவைப் பார்த்து, அவருடைய காட் 65இல் ஓடுகிறது, என்னுடையது ஏன் 80 என்று பலர் கவலைப்படுகிறார்கள். அந்த 15 பாகையும் அறைக்குரியது.

இரண்டாவது விசயத்தை அநேகர் யோசிப்பதில்லை. கொம்பியூட்டர் இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாக அறைக்குள்தான் வருகிறது. 250 வாற்று என்றால் 250 வாற்று ஹீட்டர் ஒன்று மேசைக்குக் கீழே எரிகிறது என்று அர்த்தம். 10க்கு 10 அடி, 9 அடி உயர அறைக்குள் உள்ள காற்று கிட்டத்தட்ட 29 கிலோ. கதவு யன்னல் எல்லாம் பூட்டி, சுவர் வெப்பத்தை உறிஞ்சாமல் இருந்தால், 250 வாற்று அந்தக் காற்றை இரண்டு நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் சூடாக்கும். சுவரும் தளபாடமும் நிறைய உறிஞ்சுவதால் நிஜத்தில் மெதுவாகத்தான் ஏறும், ஆனால் பகல் முழுக்க ரெண்டர் ஓடினால் சுவரும் சூடாகிவிடும். அதனால்தான் காலையில் நல்லாக ஓடுவது பின்னேரம் தள்ளாடுகிறது.

கிண்ணியா_நாநா
ஆசிரியை சொன்னது நூற்றுக்கு நூறு. இதோடு கூரையையும் சேர்க்க வேண்டும். தம்பி, உங்கள் அறை மேல்மாடியா? சீற் கூரையா?

உப்புவெளி_எடிட்டர்
ஓம் நாநா, மேல்மாடி, அஸ்பெஸ்டஸ் சீற், சீலிங் இல்லை. தூசுக்குப் பயந்து யன்னலைப் பூட்டித்தான் வைத்திருக்கிறேன்.

திருத்துனர் அண்ணா கேட்டவற்றை இன்று பின்னேரம் 2.30க்குப் பார்த்தேன். அறை 37 பாகை. காட் 83, ஹொட்ஸ்பொட் 107. பக்கத் தகட்டைக் கழற்றியபோது காட் 79, ஹொட்ஸ்பொட் 104. பட்டையில் தேர்மல் என்றுதான் காட்டுகிறது.

சீனக்குடா_திருத்துனர்
இப்போது விளங்குகிறது. தகட்டைக் கழற்ற 4 பாகை இறங்குகிறது என்றால் கேசிங்குக்குள் காற்றோட்டம் கொஞ்சம் குறைவு. முன்பக்கம் கண்ணாடி போட்ட கேசிங்காக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் பெரிய குறை அது இல்லை. 83க்கும் 107க்கும் நடுவில் 24 பாகை. நல்லாக இருக்கும் காட்டில் அந்த வித்தியாசம் 10 முதல் 15க்குள் இருக்கும். 24 என்றால் சிப்புக்கும், அதன் வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகட்டுக் கட்டான ஹீட்சிங்குக்கும் நடுவில் உள்ள வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்து அல்லது ஓரத்துக்குப் பிதுங்கிப் போய்விட்டது. சிப் சூடாகும்போதும் ஆறும்போதும் நுண்ணளவில் வளைந்து நிமிரும், வருடக்கணக்கில் அந்த அசைவே பேஸ்ட்டை நடுவில் இருந்து வெளியே தள்ளிவிடும். 2022 கடைசியில் வாங்கிய பாவித்த காட் என்கிறீர்கள். அந்த வருடம் செப்டம்பர் 15ஆம் திகதி எதீரியம் என்ற கிரிப்டோ நாணயம் இயங்கும் முறை மாறியதோடு காட் வைத்து அதை மைனிங் செய்வது நின்றுபோனது. அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த பாவித்த காட்களில் நிறைய இரவு பகலாக ஓடியவை. அப்படிப்பட்டவற்றில் சிப் நல்லாகத்தான் இருக்கும். பேனும் பேஸ்ட்டும், மெமரிச் சிப்புகளின் மேல் ஒட்டியிருக்கும் பாட் என்ற மெத்தைத் துண்டுகளும்தான் தேய்ந்திருக்கும்.

காட்டைக் கழற்றித் துப்புரவாக்கிப் புதுப் பேஸ்ட் போட வேண்டும்.

நிலாவெளி_வீட்டுக்காரி
கழற்றும்போது உப்பையும் பாருங்கள் தம்பி. எங்கள் வீடு கடலுக்கு இருநூறு மீற்றர். இரண்டு வருடம் திறக்காமல் விட்ட காட்டைத் திறந்தபோது அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் வெள்ளையாகப் பொருக்குப் பிடித்திருந்தது, ஸ்குரூவெல்லாம் கறள். வெறும் தூசு என்றால் புளோவர் பிடித்தால் பறந்துவிடும். கடற்கரைத் தூசு அப்படி இல்லை. உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அந்த ஈரத்தில் தூசு ஒட்டிப் பசை மாதிரி ஆகிவிடும். வாடைக் காலத்தில் காற்று கடலில் இருந்து நேரே வரும்போதுதான் இது கூடுதலாகப் படிகிறது. நான் அந்த மாதங்களில் கடல் பக்க யன்னலைத் திறப்பதே இல்லை. உடுப்பு காயப்போடும் கம்பியைத் தொட்டுப் பார்த்தால் கையில் பிசுபிசுக்கும், அன்றைக்குத் திறக்கக்கூடாது என்பது என் கணக்கு.

மூதூர்_கேமர்
பேசாமல் தண்ணீர் ஊற்றி வைக்கிற ஏர் கூலர் ஒன்றை மேசைக்குப் பக்கத்தில் வைத்தால் என்ன? விலையும் குறைவு.

நிலாவெளி_வீட்டுக்காரி
வேண்டவே வேண்டாம். பூட்டிய அறையில் அது ஈரத்தைத்தான் கூட்டும், கடலோரத்தில் இருக்கிற ஈரம் போதாதா. கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் இன்னும் மோசம்.

உவர்மலை_ஆசிரியை
அதோடு, தண்ணீர் ஆவியாகித்தான் அந்தக் கூலர் குளிர்விக்கிறது. ஏற்கெனவே ஈரமான காற்றில் ஆவியாதல் மந்தம். கச்சான் வறண்ட காற்று என்பதால் யன்னல் திறந்த அறையில் சில நாட்களில் உங்களுக்கே கொஞ்சம் குளிர்ச்சி தெரியலாம், ஆனால் இலத்திரனியல் பொருளுக்குப் பக்கத்தில் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

மூதூர்_கேமர்
சரி அக்கா, விட்டுவிட்டேன். அப்போ ஏசி? அல்லது வாட்டர் கூலிங்?

உவர்மலை_ஆசிரியை
வாட்டர் கூலிங் வெப்பத்தைச் சிப்பில் இருந்து வேகமாக எடுத்து ரேடியேட்டர் வழியாக அதே அறைக்குள்தான் விடும். சிப் குளிரும், அறையின் வெப்பம் அப்படியே. ஏசி உண்மையாகவே வெப்பத்தை வெளியே தள்ளும். 9,000 பிடியூ ஏசி 2,600 வாற்று அளவு வெப்பத்தை அகற்றக்கூடியது, 250 வாற்று கொம்பியூட்டர் அதற்குப் பெரிய சுமையில்லை. பெரிய சுமை அந்தச் சீற் கூரை. கூரையைக் கவனிக்காமல் ஏசி பூட்டினால் பில் காசு முழுக்க வெயிலை எதிர்த்தே போகும்.

கிண்ணியா_நாநா
நான் காசு செலவில்லாத வழி சொல்கிறேன் தம்பி. பேஸ்ட் மாற்றுங்கள், அது தேவைதான். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் அண்டர்வோல்ட் செய்தால், அதாவது சிப்புக்குப் போகும் வோல்ட்டேஜை இறக்கினால் வரும். ஹீட்சிங்கைப் பெரிதாக்குவதை விட வெப்பத்தையே குறைவாக உண்டாக்குவதுதான் எங்கள் ஊருக்குச் சரி, ஏனென்றால் அது காட்டையும் ஆற்றும், அறையையும் ஆற்றும், கரண்ட் பில்லையும் குறைக்கும்.

சிப்பின் மின்செலவு கிளாக்குக்கு நேர்விகிதத்திலும் வோல்ட்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். 1.05 வோல்ட்டில் ஓடும் சிப்பை அதே கிளாக்கில் 0.9க்கு இறக்கினால் 0.9ஐ 1.05ஆல் பிரித்து வர்க்கம் எடுங்கள், 0.73 வரும். வேகம் குறையாமல் சிப்பின் செலவில் கால்வாசிக்கு மேல் போய்விட்டது. தொழிற்சாலையில் எல்லாச் சிப்பும், மோசமான சிப்பும் ஓட வேண்டும் என்று வோல்ட்டேஜைத் தாராளமாகத்தான் வைத்து அனுப்புகிறார்கள்.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பேர்னர் என்ற மென்பொருளைத் திறந்து கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். கீழ் அச்சில் மில்லிவோல்ட், பக்க அச்சில் மெகாஹேர்ட்ஸ். 875 மில்லிவோல்ட் புள்ளியைப் பிடித்து 1,800க்கு உயர்த்துங்கள், அதற்கு வலப்பக்கம் உள்ள புள்ளிகள் எல்லாம் அதே 1,800இல் தட்டையாக நிற்கும்படி செய்து சேமியுங்கள். பிறகு ஒரு மணி நேர ரெண்டர் ஓட்டுங்கள். இடையில் மென்பொருள் விழுந்தாலோ படத்தில் புள்ளி புள்ளியாக வந்தாலோ 1,800ஐ 1,770 ஆக்குங்கள். நின்று பிடித்தால் 850 மில்லிவோல்ட்டுக்கு இறக்கிப் பாருங்கள். சிப்புக்குச் சிப் வித்தியாசம் உண்டு, என் இலக்கத்தை அப்படியே எடுக்க வேண்டாம். கல்யாண வேலை அவசரமாக இருக்கும் இரவில் இதைத் தொடங்கவும் வேண்டாம்.

நான் இதைப் படித்தது 2022 பங்குனியில். ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்கள், ஞாபகம் இருக்கும். கரண்ட் போனதும் யுபிஎஸ் கத்தும், சேமித்து நிறுத்துவதற்குள் செத்துவிடும். 170 வாற்று காட்டை 120க்கு இறக்கிய பிறகுதான் எனக்கு ஆறேழு நிமிடம் கிடைத்தது. அன்றைக்கு யுபிஎஸ்ஸுக்காகச் செய்தது, கச்சான் காலத்தில் வெக்கைக்கும் உதவியது.

மூதூர்_கேமர்
நாநா, அண்டர்வோல்ட் செய்ய ஏலாதவர்கள் காட் இழுக்கும் மின்சாரத்தின் வரம்பான பவர் லிமிட்டை 75 வீதத்துக்கு இறக்கினால் போதாதா? ஒரே ஒரு சிலைடர்தான்.

கிண்ணியா_நாநா
போதும், முதல் நாளைக்கு அதுவே நல்லது. ஒரு ஆபத்தும் இல்லை, விழவும் விழாது. ஆனால் அதில் கிளாக்கும் கொஞ்சம் இறங்கும். கேம் விளையாடுபவர் என்றால் இன்னொன்று: உங்கள் மொனிட்டர் 60 ஹேர்ட்ஸ் என்றால் ஃபிரேமையும் 60க்குக் கட்டுப்படுத்துங்கள். கண்ணுக்கே தெரியாத 140 ஃபிரேமுக்காகக் காட் வேகிறது.

சீனக்குடா_திருத்துனர்
தம்பி, கழற்றும்போது கவனிக்க வேண்டியவை. கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கேசிங்கின் வெறும் இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். புளோவர் பிடிக்கும்போது பேன் இதழை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் பெயரிங் போய்விடும். நான்கு ஸ்குரூவையும் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், பூட்டும்போதும் அப்படியே. ஹீட்சிங்கை இழுக்க வேண்டாம், பேன் வயர் போர்ட்டில் பூட்டியிருக்கும், அறுந்துவிடும். பத்து நிமிடம் காட்டைச் சூடாக்கிவிட்டுக் கழற்றினால் பழைய பேஸ்ட் இளகியிருக்கும்.

மெமரிச் சிப்புகளின் மேல் உள்ள பாட் கிழியாமல் இருந்தால் தொட வேண்டாம். கிழிந்தால் தடிப்பை அளந்துதான் வாங்க வேண்டும். அரை மில்லிமீற்றர் கூடினாலும் ஹீட்சிங் சிப்பில் படியாது, மெமரி குளிரும், சிப் வேகும். கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டைப் போட்டுக் கெடுத்த காட்கள் என் மேசைக்கு வந்திருக்கின்றன.

உப்புவெளி_எடிட்டர்
இன்று ஞாயிறு, முழு நாளும் இதுதான் வேலை. பிறகு தேவைப்படுபவர்களுக்கு உதவும் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான்கு ஸ்குரூவில் மூன்று வந்தது. நாலாவது கறள் பிடித்துத் தலை வழுகத் தொடங்கியது. பலவந்தம் செய்யாமல் ஒரு துளி தையல் மெசின் எண்ணெயை நெருப்புக்குச்சி முனையால் வைத்து அரை மணி நேரம் விட்டேன், பிறகு மெல்ல அசைந்தது. ஹீட்சிங்கைத் தூக்கியபோது சிப்பின் நடுப்பகுதி கண்ணாடி மாதிரிப் பளபளத்தது, பேஸ்ட்டே இல்லை. எல்லாம் நான்கு ஓரத்திலும் சாம்பல் நிற வரம்பு மாதிரிக் குவிந்து, வற்றிய குளத்து மண் போல வெடித்திருந்தது. அண்ணா 24 பாகையைப் பார்த்து எழுதியதை நான் கண்ணால் பார்த்தேன்.

தகடுகளுக்கு நடுவில் நிலாவெளி அக்கா சொன்ன அதே வெள்ளைப் பொருக்கு. புளோவருக்கு அசையவில்லை. பாமசியில் வாங்கிய ஐசோபுரோப்பைல் அல்ககோலை மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷில் தோய்த்து ஒவ்வொரு இடைவெளியாகத் தள்ளினேன். வெள்ளைத் துணியில் விழுந்தது மண்ணிறக் களி. இரண்டு பேன்களையும் கழற்றி வைத்துவிட்டு இதைச் செய்தேன், நன்றாகக் காய ஒரு மணி நேரம் விட்டேன். பாட்களில் எண்ணெய் கசிந்திருந்தது, ஆனால் கிழியவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 பேஸ்ட்டை நடுவில் ஒரு கடலைப் பருப்பளவு வைத்துச் சிப் முழுக்க மெல்லியதாகப் பரப்பிப் பூட்டினேன்.

சீனக்குடா_திருத்துனர்
நல்லாகச் செய்திருக்கிறீர்கள். எண்ணெய் துடைத்துவிட்டீர்கள்தானே? போர்ட்டில் ஒழுகியிருந்தால் அதையும் துடையுங்கள், தூசு அதில்தான் முதலில் ஒட்டும்.

உப்புவெளி_எடிட்டர்
துடைத்தேன் அண்ணா. இனி இலக்கங்கள். எல்லாம் பின்னேரம் 2.30 அளவில், அதே ரெண்டர்.

பேஸ்ட் மட்டும் மாற்றியபோது: அறை 37, காட் 77, ஹொட்ஸ்பொட் 90. பட்டையில் இப்போது தேர்மல் இல்லை.

மறுநாள் நாநா சொன்ன அண்டர்வோல்ட். 850 மில்லிவோல்ட்டில் 1,800 போட்டேன், நாற்பது நிமிடத்தில் ரிசால்வ் விழுந்தது. 875க்கு ஏற்றினேன், மூன்று மணி நேரம் ஓடியும் விழவில்லை. 168 வாற்றில் இருந்த காட் இப்போது 128இல் ஓடுகிறது. காட் 69, ஹொட்ஸ்பொட் 80. அந்தத் துண்டு 12 நிமிடம் 20 விநாடி. காலையிலும் அதே, பின்னேரமும் அதே.

கிண்ணியா_நாநா
அல்ஹம்துலில்லாஹ். பேன் வளைகோட்டையும் மாற்றிவிடுங்கள் தம்பி. எங்கள் ஊர் வெக்கையில் சும்மா இருக்கும்போதே காட் 50ஐத் தாண்டும், அதனால் பேன் நின்று நின்று ஓடும், அது பெயரிங்குக்குக் கூடாது. 30 வீதத்தில் எப்போதும் மெதுவாக ஓடட்டும், 70 பாகைக்கு 70 வீதம் போதும்.

உவர்மலை_ஆசிரியை
அறை இன்னும் 37இல்தானே இருக்கிறது? வெளியில் 34, 35. அந்த இரண்டு மூன்று பாகை நீங்கள் யன்னலைப் பூட்டி வைத்துச் சேர்த்தது. கச்சான் மேற்கில் இருந்து வருகிறது, மேற்கு யன்னலைப் பாதி திறந்து, கிழக்குப் பக்க யன்னலில் குசினிக்குப் போடும் எக்ஸோஸ்ட் பேன் ஒன்றை வெளியே தள்ளும்படி வையுங்கள். காற்று எந்தப் பக்கம் போக விரும்புகிறதோ அந்தப் பக்கமே பேனும் தள்ள வேண்டும், எதிர்த்து வைத்தால் வீண். ஐப்பசிக்குப் பிறகு வாடை தொடங்கினால் கடல் பக்கத்தைப் பூட்டிவிட வேண்டும்.

நிலாவெளி_வீட்டுக்காரி
மேற்கு யன்னலுக்கு நுளம்பு வலையை இரண்டு மடிப்பாக அடியுங்கள். கேசிங்கின் முன்பேனுக்கும் அதே வலையைச் சின்னதாக வெட்டி ஒட்டலாம். முன்னால் இரண்டு பேன் உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள என்று வைத்தால் கேசிங்குக்குள் காற்று அமுக்கம் கொஞ்சம் கூடவே இருக்கும், சந்து பொந்தால் தூசு வராது. மாதம் ஒருமுறை வலையைக் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டுப் போடுங்கள்.

உப்புவெளி_எடிட்டர்
வலை அடித்தாயிற்று அக்கா. கேசிங்கின் முன்கண்ணாடியையும் கழற்றி அந்த இடத்தில் வலை ஒட்டிவிட்டேன். எக்ஸோஸ்ட் பேன் நாளைக்குப் பூட்டுகிறேன், அப்பாதான் மரச்சட்டம் செய்து தருகிறார். முதல் கல்யாண வீடியோ இப்போது ரெண்டரில் இருக்கிறது, பகல் 3 மணி, காட் 70.